ஸ்பீக்கரை மாத்துறதுக்கு முன்னாடி சவுண்டைப் பிரிச்சுப் பாருங்க: 48,000 ரூபாய் இஎம்ஐயா, 9,430 ரூபாய் கிராஸ்ஓவரா?

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தி நம்ம சேனலில் ஒரு வீடியோ போட்டிருந்தேன் இல்லையா, அதைப் பார்த்துட்டு என் சித்தி பையன் கோயம்புத்தூரில் இருந்து போன் பண்ணினான்.

"அண்ணா, ஒரு ஹோம் தியேட்டர் பார்த்து வச்சிருக்கேன். 48,000 ரூபாய். 12 மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ. மாசம் 4,000 தானே, எடுத்துடவா?"

"இருக்கிற செட்டுக்கு என்னடா ஆச்சு?"

"சவுண்டு கொஞ்சம் ஏத்தினாலே கரகரன்னு பொரியுதுண்ணா. அப்பாவோட பழைய ஸ்பீக்கர் தானே, ஆயுசு முடிஞ்சிருச்சு போல. எக்ஸ்சேஞ்சில் 1,500 தர்றேன்னு கடையில சொல்றாங்க."

அந்த செட்டை எனக்கு நல்லாத் தெரியும். சித்தப்பா ஈரோட்டில் வேலை பார்த்த காலத்தில் தீபாவளி போனஸில் வாங்கியது. ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர். பையனுக்கு முதல் வேலை கிடைத்து ரூம் எடுத்தபோது, "எடுத்துட்டுப் போ, நல்லாப் பார்த்துக்கோ" என்று கொடுத்து அனுப்பினார். இப்போது அது 1,500 ரூபாய்க்குக் கிளம்பத் தயாராக இருந்தது. "ஒரு வாரம் பொறு, நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்தேன்.

போய்ப் பார்த்ததில் ஸ்பீக்கர் கெட்டுப் போகவே இல்லை. இல்லாமல் போனது ஒரே ஒரு பொருள்: கிராஸ்ஓவர். ஸ்பீக்கர் பொரிகிற எல்லார் வீட்டிலும் இதே கதைதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சப்வூஃபர் சேர்த்த பல வீடுகளில் இந்தத் தப்பு இருக்கும். கடனில் புது செட் வாங்கும் முன் நீங்களும் பார்க்க வேண்டியது என்ன என்பதை, பைசா கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் அந்த "காஸ்ட் இல்லாத" இஎம்ஐ

மாசம் 4,000, 12 மாசம், மொத்தம் 48,000. வட்டியே இல்லாத மாதிரிதான் தெரியும். உண்மையில் பேங்க் வட்டி போடுகிறது. அந்த வட்டி அளவுக்குக் கடையோ கம்பெனியோ விலையில் தள்ளுபடி கொடுத்து ஈடு கட்டுகிறார்கள். ஆனால் கிரெடிட் கார்டு இஎம்ஐயில் அந்த வட்டித் தொகைக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. அதைக் கட்டுவது நீங்கள்தான்.

உதாரணத்துக்கு ஆண்டு வட்டி 15% என்று வைத்துக்கொள்வோம். இந்த 48,000க்குள் ஒளிந்திருக்கும் வட்டி சுமார் 3,680 ரூபாய். அதன்மேல் ஜிஎஸ்டி சுமார் 660. பிராசஸிங் கட்டணம் 199 என்றால், அதன் ஜிஎஸ்டியோடு 235. ஆக, "காஸ்ட் இல்லாத" இஎம்ஐக்குக் கிட்டத்தட்ட 900 ரூபாய் கூடுதல். ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் ஏதாவது குறைத்திருப்பார் என்றால், அதுவும் போச்சு.

900 ரூபாய்க்காக நான் அவனைத் தடுக்கவில்லை. அவன் சம்பளம் 32,000. வாடகை, சாப்பாடு, பெட்ரோல், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து 24,000 செலவு. அவசர நிதி? பூஜ்யம். அந்த 48,000 அவனுக்கு இரண்டு மாச வாழ்க்கைச் செலவு. நாளைக்கு வேலை போனால் இஎம்ஐ நிற்காது, ஸ்பீக்கரும் சோறு போடாது.

சரி, ஏன் பொரிந்தது?

அவன் ஆறு மாசம் முன்னாடி செகண்ட் ஹேண்டில் ஒரு சப்வூஃபர் வாங்கியிருக்கிறான். உள்ளேயே ஆம்ப் இருக்கிற வகை. போனில் இருந்து ப்ளூடூத் ரிசீவர். ரிசீவரில் இருந்து வரும் ஒயரை ஒய் கேபிள் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஆம்புக்கும் இன்னொன்றை சப்புக்கும் கொடுத்திருந்தான். "சப் வந்துருச்சுல்ல, பாஸ் அது பார்த்துக்கும்" என்பது அவன் நினைப்பு.

சப்பின் பின்பக்கம் ஒரு வட்டக் குமிழ் இருக்கும். இதற்கு மேல் உள்ள சத்தம் சப்புக்குப் போக வேண்டாம் என்று வெட்டுவது அதன் வேலை. அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஆனால் "இதற்குக் கீழே உள்ள பாஸ் சின்ன ஸ்பீக்கருக்குப் போக வேண்டாம்" என்று யாரும் சொல்லவில்லை. அதனால் முழுப் பாட்டும், அடி பாஸ் உட்பட, அந்த 5 இன்ச் வூஃபருக்கும் போய்க்கொண்டே இருந்தது. பாதி கிராஸ்ஓவர் இருந்தது, பாதி இல்லை.

பாஸ் ஏன் சின்ன ஸ்பீக்கரை இப்படித் திணற வைக்கிறது? ஒரே அளவு சத்தம் வர, அதிர்வெண் பாதியானால் வூஃபரின் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும் என்றால், அதே சத்தத்துக்கு 40 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டர். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். சின்ன வூஃபரால் அவ்வளவு தூரம் போக முடியாது, எல்லையில் இடிக்கும். அந்த நேரம் அதே கோனில் பாடகரின் குரலும் வந்துகொண்டிருப்பதால் குரலும் சேர்ந்து சிதறும். நம்ம காதுக்கு அது "பொரிகிற" சத்தம்.

கிராஸ்ஓவர்னா என்ன? பேசிவ், ஆக்டிவ் என்ன வித்தியாசம்?

சத்தத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, அதது எந்த ஸ்பீக்கருக்குப் போகணுமோ அங்கே அனுப்புவதுதான் கிராஸ்ஓவர். கீச்சுச் சத்தம் ட்வீட்டருக்கு, நடுவில் உள்ளது வூஃபருக்கு, அடி பாஸ் சப்புக்கு.

நம்ம பாஷையில் சொல்லணும்னா, சம்பளத்தைப் பிரிப்பதில் இரண்டு வகை ஆட்கள் இருக்காங்க. ஒருத்தர் எல்லாச் செலவையும் ஒரே அக்கவுண்டில் வைத்து, மாசக் கடைசியில் மிஞ்சுவதைப் பிரிப்பார். இன்னொருத்தர் 1ஆம் தேதியே வாடகைக்கு இவ்வளவு, சேமிப்புக்கு இவ்வளவு என்று தனித்தனி அக்கவுண்டுக்கு மாற்றிவிடுவார். பேசிவ் கிராஸ்ஓவர் முதல் வகை. ஆம்ப் முழுப் பாட்டையும் பெருக்கிய பிறகு, ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் காயிலும் கெப்பாசிட்டரும் பிரிக்கும். ஆக்டிவ் கிராஸ்ஓவர் இரண்டாவது வகை. ஆம்புக்குள் போகும் முன்பே, சின்ன சிக்னலாக இருக்கும்போதே பிரித்துவிடும். அதனால் ஒவ்வொரு பங்குக்கும் தனி ஆம்ப் வேண்டும்.

இதில் பணம் எங்கே மிச்சமாகிறது? பிரிக்கிற அதிர்வெண் கீழே போகப் போக பேசிவ் பாகங்கள் பெரிதாகிக்கொண்டே போகும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் ரொம்ப எளிய பேசிவ் கிராஸ்ஓவர் போடணும்னாகூட சுமார் 16 மில்லிஹென்றி காயிலும், சுமார் 250 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வேண்டும். காயில் என்றால் செம்புக் கம்பிச் சுருள். செம்பு விலை உங்களுக்கே தெரியும். அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். இதே வேலையை ஆம்புக்கு முன்னால் செய்தால் சில ரூபாய் ஓப்பாம்ப் சிப்பும் குட்டிக் கெப்பாசிட்டரும் போதும்.

அதனால் நான் சொல்லும் சட்டம் இதுதான்: விலை குறைந்த ஆக்டிவ் கிராஸ்ஓவருக்கு வீட்டில் சரியான இடம் சப்புக்கும் மெயின் ஸ்பீக்கருக்கும் நடுவில். அங்கே அது கொடுத்த காசுக்கு மேல் வேலை செய்யும். மற்ற இடங்களில் கொஞ்சம் யோசிக்கணும். அதைக் கீழே சொல்கிறேன்.

செலவு ஏணி: கீழ்ப்படியில் இருந்து ஏறுங்க

படி 1: 0 ரூபாய். உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கா?

வீட்டில் ஏவிஆர் இருக்கிறதா? அதாவது 5.1, 7.1 என்று எச்டிஎம்ஐ எல்லாம் உள்ள ரிசீவர். இருந்தால் அதற்குள்ளேயே கிராஸ்ஓவர் இருக்கு! ஸ்பீக்கர் செட்டிங்கில் போய் மெயின் ஸ்பீக்கரை "ஸ்மால்" என்று வையுங்க, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்க. தியேட்டர் தரத்துக்கான டிஎச்எக்ஸ் பரிந்துரைப்பதும் இந்த 80 தான். "என் ஸ்பீக்கர் பெரிசு, ஸ்மால்னு ஏன் போடணும்?" என்று நிறைய பேர் "லார்ஜ்" வைக்கிறாங்க. அது ஸ்பீக்கரின் உயரத்தைக் கேட்கும் கேள்வி இல்லை, அடி பாஸ் இதற்குப் போகட்டுமா என்று கேட்கும் கேள்வி. சப் இருந்தால் "ஸ்மால்" தான்.

சில சப்களின் பின்பக்கத்தில் லைன் அவுட் இருக்கும், அதிலேயே பாஸ் வெட்டி வெளியே அனுப்பும். மேனுவலை ஒரு தடவை புரட்டுங்க. இதுவும் இலவசம்.

படி 2: 200 ரூபாய்க்குள். ஒரு பக்கத்துக்கு ஒரு கெப்பாசிட்டர்.

ஆம்புக்குப் போகும் ஒயரில், சிக்னல் கம்பியில் வரிசையாக ஒரு ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டால் அது பாஸைத் தடுக்கும். எவ்வளவு மதிப்பு என்பது உங்கள் ஆம்பின் உள்ளீட்டு மின்மறுப்பைப் பொறுத்தது. மேனுவலில் "இன்புட் இம்பீடன்ஸ்" என்று போட்டிருக்கும். 47 கிலோஓம் என்றால் 0.047 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 72 ஹெர்ட்ஸில் வெட்டத் தொடங்கும். 20 கிலோஓம் என்றால் 0.1 மைக்ரோஃபாரட், சுமார் 80 ஹெர்ட்ஸ். சப்புக்குப் போகும் ஒயரில் போடக் கூடாது, ஆம்புக்குப் போகும் ஒயரில் மட்டும்.

இதன் குறை: ரொம்ப மெதுவாகத்தான் வெட்டும். ஒரு ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும், 6 டெசிபல்தான். 80இல் வெட்டினால் 40 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு சக்தி இன்னும் ஸ்பீக்கருக்குப் போகும். ஆனாலும் 200 ரூபாய்க்கு இதைவிட நல்ல முதலீடு ஆடியோவில் எனக்குத் தெரிந்து இல்லை.

படி 3: அனலாக் ஆக்டிவ் கிராஸ்ஓவர்.

மேடைக் கச்சேரி, மண்டபம், டிஜே செட்டுக்காரர்கள் பயன்படுத்தும் ரேக் பெட்டிதான் இது. பெரிங்கர் சிஎக்ஸ்2310 இந்த வகையில் பலருக்கும் தெரிந்த மாடல். பெரும்பாலும் இவற்றில் லிங்க்விட்ஸ்-ரைலி என்ற வகை ஃபில்டர் இருக்கும். ஹியூலட்-பேக்கர்டில் வேலை பார்த்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற இரண்டு இன்ஜினியர்கள் வகுத்த முறை. 1976இல் லிங்க்விட்ஸ் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஆக்டேவுக்கு 24 டெசிபல் வெட்டும். 80இல் வெட்டினால், 40 ஹெர்ட்ஸில் மெயின் ஸ்பீக்கருக்குப் போவது 250இல் ஒரு பங்கு சக்திகூட இல்லை. அதோடு, பிரிக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் சரியாகக் கூடி, மேடு பள்ளம் இல்லாமல் சேரும். அதுதான் இந்த வகையின் பெருமை.

படி 4: டிஎஸ்பி.

இதே வேலையை டிஜிட்டலில் செய்யும் பலகைகள். ஏடிஏயூ1701 என்ற சிப் போட்ட போர்டுகள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும். இரண்டு உள்ளீடு, நான்கு வெளியீடு. மினிடிஎஸ்பி மாதிரி ரெடிமேட் பெட்டிகளும் உண்டு, விலை கூடுதல். கூடுதலாகக் கிடைப்பது தாமதமும் ஈக்குவலைசரும். சப் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் அதன் சத்தம் சுமார் 3 மில்லிசெகண்ட் பிந்தி வரும், அதைச் சரிக்கட்டலாம். ஆனால் அளக்கும் மைக் வேணும், மென்பொருள் கத்துக்கணும். அந்த மலிவான போர்டுக்கு புரோகிராம் ஏற்ற ஒரு தனி அடாப்டரும் வேணும். போர்டு விலையை மட்டும் பார்த்து "சீப்பா இருக்கே" என்று ஏமாறாதீங்க. சனி, ஞாயிறு எத்தனை போகும் என்பதும் விலைதான்.

நாங்க ஏறியது எத்தனை படி?

அவனிடம் ஏவிஆர் இல்லை, அதனால் முதல் படி இல்லை. நேராக இரண்டாவது படி. மேனுவலைத் தேடிப் பிடித்து, 47 கிலோஓம் என்று பார்த்து, இரண்டு 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வாங்கி, ஆர்சிஏ பிளக்குக்குள்ளேயே சால்டர் வைத்தோம். பிளக், கெப்பாசிட்டர் எல்லாம் சேர்த்து 180 ரூபாய். அன்று மாலையே முக்கால்வாசிப் பொரிச்சல் நின்றுவிட்டது. அவன் முகத்தைப் பார்க்கணுமே!

"ஒரு மாசம் இதுலயே கேளு. அதுக்கப்புறமும் ஏதாவது குறைன்னு தோணினா போன் பண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு மாசம் கழித்துப் பண்ணினான். மெதுவாக வைத்தால் அருமை, சத்தமாக வைத்தால் ஆண் குரல் எல்லாம் பானைக்குள் இருந்து பாடுகிற மாதிரி இருக்கு என்றான். சரியாகத்தான் சொன்னான். 6 டெசிபல் சரிவில் சப்பும் ஸ்பீக்கரும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஒரே இடத்தில் இரட்டிப்பாக ஒலிக்கும். அப்போதுதான் மூன்றாவது படி. மண்டப சவுண்டு சர்வீஸ்காரர் ஒருவர் டிஜிட்டலுக்கு மாறியதால் சும்மா கிடந்த ஒரு டூவே கிராஸ்ஓவரை விற்றார்.

மொத்த பில்:

கெப்பாசிட்டர், பிளக்: 180
செகண்ட் ஹேண்ட் கிராஸ்ஓவர்: 6,500
எக்ஸ்எல்ஆர்–ஆர்சிஏ கேபிள் 6, ஒன்று 350 வீதம்: 2,100
நல்ல ஸ்பைக் கார்டு ஒன்று: 650
மொத்தம்: 9,430 ரூபாய்

கேபிளைக் கவனிச்சீங்களா? பெட்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு கேபிளுக்கே போயிருக்கு. மேடை உபகரணங்களில் எக்ஸ்எல்ஆர் சாக்கெட், வீட்டு ஆம்பில் ஆர்சிஏ. உள்ளே இரண்டு, மெயினுக்கு இரண்டு, சப்புக்கு இரண்டு, ஆறு கேபிள். பட்ஜெட் போடும்போது பெட்டியை மட்டும் எழுதிட்டு கேபிளை மறந்தால் அங்கேதான் கணக்கு உதைக்கும்.

9,430 என்பது அவன் கட்ட இருந்த இஎம்ஐயில் இரண்டரை மாசம்கூட இல்லை. மிச்சம் 38,570. மாசா மாசம் அந்த 4,000ஐ இப்போது ஆர்டியில் போடுகிறான். பன்னிரண்டு மாசம் முடியும்போது ஒன்றரை மாசச் செலவுக்கு மேல் அவசர நிதி கையில் இருக்கும்.

மாட்டுவது எப்படி? கவனிக்க வேண்டியவை

முதலில் வால்யூம். பிரிக்கும் இடத்துக்கு முன்னால்தான் வால்யூம் இருக்கணும். அப்போதுதான் சப்பும் ஸ்பீக்கரும் ஒன்றாகக் கூடும், ஒன்றாகக் குறையும். அவன் ஆம்பில் ப்ரீ அவுட் இல்லை. அதனால் ரிசீவர், கிராஸ்ஓவர், ஆம்ப் என்ற வரிசையில் மாட்டி, ஆம்பின் வால்யூமை ஒரு இடத்தில் நிறுத்தி மார்க்கரில் கோடு போட்டுவிட்டோம். இனி சத்தம் கூட்டுவது குறைப்பது எல்லாம் போனில்தான்.

இரண்டாவது, பழைய பில்டர்களை எடுத்துவிடுங்க. கெப்பாசிட்டர் போட்ட ஒயரைக் கழற்றினோம். சப்பின் பின்னால் உள்ள குமிழைக் கடைசி வரை மேலே திருப்பினோம். இல்லாவிட்டால் இரண்டு தடவை வெட்டும்.

மூன்றாவது, கிராஸ்ஓவரின் இரண்டு அவுட்புட்களை ஒய் கேபிள் போட்டு ஒன்றாக முடிச்சுப் போடாதீங்க. ஒரு அவுட்புட்டை இரண்டாகப் பிரிக்கலாம், இரண்டு அவுட்புட்டை ஒன்றாக்கக் கூடாது. சப்பில் ஒரே ஒரு உள்ளீடுதான் என்றால், இரண்டு பக்க பாஸையும் உள்ளேயே கூட்டித் தரும் சப் அவுட் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்க.

நான்காவது, திசை. 80 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போனில் போடுங்க. சப்பின் ஃபேஸ் ஸ்விட்சை மாற்றி மாற்றிப் பாருங்க. உட்காரும் இடத்தில் எதில் சத்தம் கூடுதலோ அதுதான் சரி. எதிரெதிராக இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பாஸ் காணாமல் போகும்.

ஐந்தாவது, அளவு. சப்பைக் குறைவில் இருந்து மெதுவாக ஏற்றுங்க. சப் தனியாக ஒரு மூலையில் இருந்து அடிப்பது தெரியாமல், அணைத்தால் மட்டும் "ஏதோ குறையுதே" என்று தோன்றினால் அளவு சரி. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு அளவுகோலும் இருக்கு: கீழ்வீட்டு அக்கா.

ஆறாவது, ஹம். "உம்ம்ம்" என்று ஒரு 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் எல்லாப் பெட்டியையும் ஒரே ஸ்பைக் கார்டில் மாட்டுங்க, கேபிளின் பின் இணைப்பை மேனுவலோடு ஒப்பிட்டுப் பாருங்க. சில பேர் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வாங்க. தயவுசெய்து செய்யாதீங்க. ஷாக் அடித்தால் எந்த அவசர நிதியும் உதவாது.

நான் பண்ணின தப்பு

இதெல்லாம் தெரிந்த ஆள் மாதிரி பேசுகிறேன், ஆனால் என் கையைச் சுட்டுத்தான் கத்துக்கிட்டேன். சில வருஷம் முன்னாடி "முழு ஆக்டிவ்" ஆசை வந்தது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒரு ஜோடி டூவே ஸ்பீக்கரைத் திறந்து, உள்ளே இருந்த பேசிவ் கிராஸ்ஓவரைக் கழற்றிவிட்டு, டிஎஸ்பி போர்டையும் இரண்டு சின்ன ஆம்ப் போர்டையும் போட்டேன். வலது, இடது, ஒவ்வொன்றிலும் இரண்டு, மொத்தம் நான்கு சேனல் ஆம்ப்.

ஒரு நாள் ஆம்ப் ஆனில் இருக்கும்போதே டிஎஸ்பி போர்டை ரீஸ்டார்ட் பண்ணினேன். "டப்" என்று ஒரு சத்தம். ட்வீட்டர் காலி. பேசிவ் கிராஸ்ஓவரில் ட்வீட்டருக்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டர் காவல் இருக்கும். நான் அதையும் சேர்த்துத்தான் கழற்றியிருந்தேன். அதே ட்வீட்டர் கிடைக்கவில்லை, இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. 5,800 ரூபாய்.

அதைவிடக் கொடுமை, மாற்றிய பிறகும் பழைய சுகம் வரவில்லை. கம்பெனி போட்ட அந்த பேசிவ் பலகை வெறும் பிரிக்கும் வேலை மட்டும் செய்யவில்லை. அந்த வூஃபர், அந்த ட்வீட்டர், அந்தப் பெட்டியின் அகலம் இவற்றின் மேடு பள்ளங்களையும் சேர்த்துச் சரிசெய்து கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு 2,500 ஹெர்ட்ஸில் ஒரு கோடு கிழித்தால் அதே சத்தம் வராது. அளக்க மைக் இல்லாமல் அந்த வேலையில் இறங்கியது என் முட்டாள்தனம்.

அதனால் மூணு பாடம்:

ஒன்று, நன்றாக இருக்கும் ஸ்பீக்கரின் உள்ளே இருக்கும் பேசிவ் கிராஸ்ஓவரைத் தொடாதீங்க. சப்புக்கும் மெயினுக்கும் நடுவில் போடும் ஆக்டிவ் கிராஸ்ஓவருக்கு ஸ்பீக்கரைத் திறக்கவே வேண்டாம்.

இரண்டு, எப்படியும் முழு ஆக்டிவ் செய்தே தீருவேன் என்றால், ட்வீட்டருக்கு முன்னால் ஒரு காவல் கெப்பாசிட்டர் கட்டாயம். 8 ஓம் ட்வீட்டருக்கு 30 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 660 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுக்கத் தொடங்கும். 2,500 ஹெர்ட்ஸில் பிரிக்கும் வேலையை அது பெரிதாகக் கெடுக்காது.

மூன்று, ஆன் பண்ணும்போது ஆம்ப் கடைசி, ஆஃப் பண்ணும்போது ஆம்ப் முதல். இதைச் சப் செட்டிலும் பழக்கமாக்கிக்கோங்க.

யாருக்கு இது வேண்டாம்?

சப்வூஃபரே இல்லாதவர்களுக்கு வேண்டாம். சவுண்ட்பார் வைத்திருப்பவர்களுக்கு வேண்டாம், அதற்குள் எல்லாம் பிரித்துத்தான் வரும். ஏவிஆர் இருப்பவர்களுக்கு வேண்டாம். கோன் கிழிந்த, ஓரத்து ஃபோம் உதிர்ந்த ஸ்பீக்கருக்கும் இது மருந்து இல்லை, முதலில் அதைச் சரி பண்ணணும். மெதுவாக வைத்தாலே பொரிகிறது என்றால் கோளாறு வேறு எங்கோ.

இன்னும் ஒரு எச்சரிக்கை. "சீப்பா இருக்கு" என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய பள்ளம். 6,500க்குக் கிராஸ்ஓவர், அப்புறம் நல்ல கேபிள், அப்புறம் இன்னொரு ஆம்ப், அப்புறம் மைக் என்று மாசம் 3,000 கரைந்தால், இஎம்ஐ எடுத்தவரைவிட நீங்கள் அதிகம் செலவு செய்திருப்பீர்கள், ஆனால் ஸ்டேட்மெண்டில் தெரியாது. அதனால் ஆரம்பிக்கும் முன்பே ஒரு மொத்தத் தொகையை எழுதி வையுங்க. ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஒரு மாசம் கேளுங்க. கிரெடிட் கார்டில் வாங்கி மினிமம் மட்டும் கட்டும் யோசனை இருந்தால் இந்தப் பக்கமே வராதீங்க. மாசம் 3.5% என்றால் வருஷத்துக்கு 42%. எந்த பாஸும் அவ்வளவு இனிக்காது.

கடைசியாக

போன வாரம் சித்தப்பா கோயம்புத்தூர் போயிருந்தார். பையன் எதுவும் சொல்லாமல் ஒரு பழைய இளையராஜா பாட்டைப் போட்டிருக்கிறான். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, எழுந்துபோய் ஸ்பீக்கரின் பின்பக்கம் தன் கையெழுத்தில் வாங்கிய தேதி எழுதிய ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்தாராம். "நம்ம செட்டு தானேடா இது?"

உங்க வீட்டிலும் இப்படி ஒரு செட் இருந்தால், எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும் முன்னாடி இந்த மூணு கேள்வியைக் கேளுங்க: எந்தச் சத்தத்தில் பொரியுது? பாஸ் மெயின் ஸ்பீக்கருக்கும் போகுதா? என்னிடம் ஏற்கெனவே கிராஸ்ஓவர் இருக்கா? பதில் கிடைத்த பிறகு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு பண்ணுங்க.

இணைக்கும் வரிசையை நேரில் காட்டி ஒரு வீடியோ போடுகிறேன், அதுவரை சந்தேகம் இருந்தால் உங்க ஆம்ப், ஸ்பீக்கர், சப் மாடலோடு கமெண்ட்டில் கேளுங்க. மீண்டும் சந்திப்போம்!